வியர்க்க மறுத்த பத்திர எழுத்தர்

"டீச்சர், எனக்கு ஒரு உடற்பயிற்சி சொல்லித் தரணும். ஆனா அது உடற்பயிற்சி மாதிரி இருக்கக் கூடாது."

கிளாடிஸ் டீச்சர் ஒரு வாலிபாலுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாம் மாடி குற்றாலிங்கம் வாசலில் நின்றிருந்தார்.

"உள்ள வாங்க அண்ணாச்சி. உக்காருங்க."

உட்கார்ந்தார்.

உட்காருவதில் அவருக்கு முப்பத்தைந்து வருடப் பழக்கம். பாளையங்கோட்டையில் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே ஒரு மேசையும் ஒரு நாற்காலியும் அவருடையவை. பத்திர எழுத்தர். நிலம் வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் வந்து அவர் முன்னால் நிற்பார்கள். அவர் நின்று யாரும் பார்த்ததில்லை.

வயது ஐம்பத்தேழு. அண்ணன்மார் இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் அறுபதைப் பார்க்கவில்லை. இருவருக்கும் இதயம்தான்.

கிளாடிஸுக்கு அவரைவிடப் பதினாறு வயது குறைவு. பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு டீச்சர். அந்தக் குடியிருப்பில் யாருக்குக் கால் பிசகினாலும் முதலில் தரைத்தளத்தில் அவள் கதவைத்தான் தட்டுவார்கள்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"தினமும் அரை மணி நேரம் இதயம் வேகமா அடிக்கணுமாம். பேச முடியணும், பாட முடியக் கூடாது. அந்த அளவுக்கு மூச்சு வாங்கணும்னார். எதைச் செஞ்சாலும் சரிதானாம்."

"என்ன செஞ்சு பாத்தீங்க?"

"மைதானத்துக்கு நடக்கப் போனேன். ஒரு சுத்து முடியுறதுக்குள்ள நாலு பேர் நிறுத்தி, பட்டா மாத்தணும், வில்லங்கம் பாக்கணும்னு கேக்காங்க. நிழல்ல உக்காந்து பதில் சொல்லிட்டு வந்துட்டேன்."

"அப்புறம்?"

"நடக்குற மெஷின் வாங்கினேன். கோமு அதுல போர்வை காயப்போடுதா."

"ஸ்கிப்பிங்?"

"ரெண்டாவது நாளே கீழ்வீட்டுக்காரர் மேல வந்துட்டார்."

கிளாடிஸ் சிரிக்கவில்லை. பந்தை அமுக்கிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தாள்.

"கடைசியில யூடியூப். ஒரு பொண்ணு குதிச்சுக்கிட்டே எண்ணுது. இன்னும் பத்து, இன்னும் ஒம்பதுன்னு. அது எண்ண எண்ண எனக்குக் கையும் காலும் மரத்துப்போகுது."

"அதையும் விட்டாச்சா?"

குற்றாலிங்கம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"விடலை. தினமும் சாயங்காலம் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கிடுதேன். போன்ல அந்தப் பொண்ணைப் போட்டு விடுதேன். அது குதிக்கும். நான் கட்டில்ல உக்காந்திருப்பேன். அரை மணி ஆனதும் பனியன்ல கொஞ்சம் தண்ணியைத் தெளிச்சுக்கிட்டு வெளிய வருவேன். கோமு நெல்லிக்காய்ச் சாறு வச்சுக்கிட்டு நிப்பா."

"எத்தனை நாளா?"

"ஒரு மாசம்."

போன வாரம் அவரும் மனைவி கோமுவும் டாக்டரிடம் போனார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாமே முன்பைவிட ஏறியிருந்தது. டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் மேசையைப் பார்த்தார். கோமுதான் பேசினாள்.

"ஒரு நாள்கூட விடாம செய்தாங்க டாக்டர். நான் கதவுக்கு வெளியதான் நிக்கேன். எனக்குச் சத்தம் கேக்கும்."

டாக்டர் ஒரு மாத்திரையைக் கூட்டினார். மூன்று மாதம் பார்ப்போம், அதற்கும் கேட்காவிட்டால் மேற்கொண்டு யோசிக்க வேண்டும் என்றார்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் கோமு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம் கூடச் செய்வோம். சரியாயிரும்" என்றாள்.

அன்று இரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கிளாடிஸ் எல்லாவற்றையும் கேட்டாள். எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு சிவப்புப் பலூன் இருந்தது. ஊதினாள். முடிச்சுப் போட்டாள். அவர் பக்கம் தட்டி விட்டாள்.

அவரை அறியாமலே அவர் கை அதைத் திருப்பித் தட்டியது.

"டீச்சர், நான் என்ன கேட்டேன்னா..."

"கீழ விழக் கூடாது. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு அவள் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மின்விசிறிக் காற்றில் பலூன் ஒரு பக்கமாக ஓடியது. குற்றாலிங்கம் எழுந்தார். தட்டினார். அது சோபாவுக்குப் பின்னால் போனது. அவரும் போனார். அங்கிருந்து ஜன்னல். ஜன்னலிலிருந்து அலமாரி.

"இதுவரை எழுதினதுலயே நல்ல பத்திரம் எது அண்ணாச்சி?"

தட்டிக்கொண்டே சொன்னார். முப்பது வருடமாகப் பேசாமல் இருந்த அக்காவும் தம்பியும் சேர்ந்து வந்து கையெழுத்துப் போட்ட பாகப்பிரிவினை. எல்லைகளைச் சொல்லி வாசிக்கும்போது ஒரு கிணற்றின் பெயர் வந்தது. உடனே இருவரும் அழுதுவிட்டார்கள். ஏன் என்று அவருக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

கதையைச் சொல்லி முடிக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கியது.

கிளாடிஸ் கடிகாரத்தைக் காட்டினாள். பதினெட்டு நிமிடம்.

அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். ஈரமாக இருந்தது. யாரும் தண்ணீர் தெளிக்கவில்லை.

அன்று பலூனை மேலே கொண்டுபோனார். ஆறு நாள் தட்டினார். கூடம் முழுக்க ஓடினார். கோமு பார்த்துச் சிரித்தாள்.

ஏழாம் நாள் தட்டும்போது கொட்டாவி வந்தது.

எட்டாம் நாள் பலூனோடு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். கட்டிலில் உட்கார்ந்தார்.

ஒன்பதாம் நாள் தரைத்தளத்துக்கு இறங்கினார்.

"டீச்சர், பலூன் சலிச்சுட்டு."

கிளாடிஸ் கதவைத் திறந்தபோது அவள் கையில் ஒரு பச்சைப் பலூன் இருந்தது. புறங்கையால் தட்டிக்கொண்டே, "அப்படியா? எனக்கு இன்னும் சலிக்கலையே" என்றாள்.

"உங்களுக்கு மட்டும் எப்படிச் சலிக்காம இருக்கு?"

"எனக்குச் சின்ன வயசுல இருந்தே பலூன்னா உயிர்."

"அப்போ எனக்கு?"

"உங்களுக்கு என்னன்னு எனக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"வேற யாருக்குத்தான் தெரியும்?"

கிளாடிஸ் விரலால் மேலே காட்டினாள்.

குற்றாலிங்கம் அண்ணாந்து பார்த்தார். அவள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள் என்பது அவருக்குத் தெரியும்.

"கர்த்தருக்கா?"

"மூணாவது மாடிக்கு" என்று சொல்லிவிட்டு அவள் பலூனைத் துரத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவர் படியேறினார். இரண்டாம் மாடியில் நின்றார். மூச்சு வாங்கியதால் மட்டும் நிற்கவில்லை.

கோமு சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு வெங்காயத்தை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

"ஒரு மாசமாவா?"

"ஒரு மாசத்துக்கு மேல."

"நேத்துகூடவா?"

"நேத்துகூட."

"பனியன்ல இருந்தது தண்ணியா?"

"ஆமா."

அவள் எழுந்தாள். அடுப்படியில் மூடி வைத்திருந்த நெல்லிக்காய்ச் சாற்றை எடுத்துத் தொட்டியில் கொட்டினாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள்.

அதன்பிறகு இரண்டு நாள் அவள் பேசவில்லை. காபி வந்தது. சாப்பாடு வந்தது. வேட்டி துவைத்து மடித்து வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை.

குற்றாலிங்கத்துக்கு மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை. மற்றவர்களுக்காக எழுதிக் கொடுத்திருக்கிறார். விடுதலைப் பத்திரம், சமாதானப் பத்திரம், உறுதிமொழிப் பத்திரம் என்று எத்தனையோ. தன் வாயால் தனக்காக ஒரு வரி சொல்ல அவருக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் கோமு அடுப்படியில் சாம்பார் வைத்துக்கொண்டிருந்தாள். அவர் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு முறை தொண்டையைச் செருமினார். அடுப்படியில் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

எழுந்து நின்றார்.

"திருநெல்வேலி மாவட்டம், பாளையங்கோட்டை, இந்தக் கட்டடம் மூன்றாம் மாடியில் குடியிருந்து வரும் எனது மனைவி கோமதி அம்மாள் அவர்களுக்கு, அதே விலாசத்தில் குடியிருந்து வரும் குற்றாலிங்கம் ஆகிய நான், என் சுயநினைவுடனும், பிறர் தூண்டுதல் இல்லாமலும் எழுதிக் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரம் என்னவென்றால்..."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

அவர் நடக்க ஆரம்பித்தார். நின்ற இடத்தில் நின்று அதைச் சொல்ல முடியவில்லை.

"...என் இதயமானது எனக்கு மட்டுமே தனித்துப் பாத்தியப்பட்டது என்று தவறாக எண்ணி, இதுநாள்வரை என் இஷ்டப்படி அனுபவித்து வந்தேன். மேற்படி இதயத்தில் தங்களுக்கும் சரிபாதி பாத்தியம் உண்டு என்பதை இதன்மூலம் மனப்பூர்வமாக ஒப்புக்கொள்கிறேன். இனிமேல் தங்களுக்குத் தெரியாமல் அதில் எந்த வில்லங்கமும் செய்ய மாட்டேன்..."

பத்திரம் என்றால் சொத்தின் நான்கு பக்கத்து எல்லையும் வர வேண்டும். அந்த வட்டாரத்தில் அதை நான்குமால் என்பார்கள். அது இல்லாமல் அவர் ஒரு பத்திரத்தையும் முடித்ததில்லை.

"மேற்படி இதயம் இருந்து வரும் வீட்டுக்கு நான்குமால் விபரம். வடக்கே அடுப்படி..."

"அடுப்படி வடக்கயா இருக்கு?"

இரண்டு நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை.

குற்றாலிங்கம் நின்றார்.

"வடக்கதான?"

"காலையில வெயில் என் கண்ணுலல்லா அடிக்கு. அடுப்படி கிழக்க. ஊருக்கெல்லாம் எல்லை எழுதிக் கொடுத்துட்டு, குடியிருக்க வீட்டுக்கு எது வடக்குன்னு தெரியல."

அவர் அடுப்படி வாசல்வரை போய்ப் பார்த்தார். அவள் சொன்னது சரி. திரும்பி எதிர்ப்பக்கம் போய் பால்கனிக் கதவைத் தொட்டார்.

"அப்போ இது மேற்கு."

"வடக்க?"

அவர் வாசல் கதவுக்கு விரைந்தார். தொட்டார். "வடக்கே தலைவாசல்."

"தெற்க?"

"தெற்கே படுக்கையறை." அங்கே ஓடினார். கதவில் கைவைத்தார். "சாத்தப்பட்டிருந்த கதவு. இனி சாத்தப்படாது."

கோமு கரண்டியோடு அடுப்படி வாசலுக்கு வந்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது. ஆனால் அது முழுசாக இல்லை.

"மேற்க?"

"பால்கனி. அதில் ஒரு நடக்குற மெஷின். மேல ஒரு போர்வை."

"கிழக்க?"

"எழுதி வாங்குபவர் நின்றுகொண்டிருக்கிறார். கையில் கரண்டி."

"தெற்க? இல்ல, வடக்க. வடக்கன்னா வடக்க."

தெற்கே பாதி தூரம் போனவர் வழுக்கித் திரும்பினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு வெளியே வந்துவிட்டது.

அதன்பிறகு அவள் அவரை விடவில்லை. மேற்கு என்றாள், அவர் தொடும் முன்னால் கிழக்கு என்றாள். ஒவ்வொரு சுவருக்கும் பத்திர நடையில் ஒரு வரி சொன்னால்தான் கணக்கு என்று சட்டம் போட்டாள். அவர் சொன்னார். மூச்சிரைத்தது. சொல்லிக்கொண்டே ஓடினார்.

"கோமு, போதும்ட்டி."

"பேச முடியுதுல்லா?"

"முடியுது."

"பாட முடியுமா?"

"முடியாது."

"டாக்டர் அதத்தான சொன்னார். தெற்க?"

அடிப்பிடித்த வாசனை வந்த பிறகுதான் இருவரும் நின்றார்கள். சாம்பார் போய்விட்டது. எவ்வளவு நேரம் ஆனதென்று இருவருக்கும் தெரியவில்லை. தயிர் ஊற்றிச் சாப்பிட்டார்கள். அவர் மூன்று முறை சோறு வாங்கினார். கோமு அதையும் பார்த்துவிட்டு, நாலாவது முறை தரவில்லை.

மறுநாள் சாயங்காலம் அவர் பதிவு அலுவலகத்திலிருந்து வந்து சட்டையைக் கழற்றும்போது, கோமு அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"இன்னைக்கு எந்தச் சொத்து?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "குற்றாலத்துல ஒரு தோப்பு."

"நான்குமால் சொல்லுங்க."

அன்று தலைவாசலில் அருவி விழுந்தது. படுக்கையறை மங்குஸ்தான் மரங்களாக இருந்தது. பால்கனிக்கு அப்பால் மலை. கோமு தோப்பை வாங்க வந்தவள். சும்மா வாங்க மாட்டாள். கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்பாள், அவர் ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவார். வேலி சரியாக இருக்கிறதா என்பாள், நாலு பக்கமும் சுற்றுவார். சில சமயம் அவர் பேச்சை நம்பாமல் அவளே கூடப் போவாள். ஒரு நாள் அவரைவிட அவளுக்குத்தான் அதிகம் வியர்த்தது.

இப்படி தாமிரபரணிக் கரையில் வாழைத்தோட்டம் வாங்கினார்கள். திருச்செந்தூர்ப் பக்கம் கடல் தெரிய ஒரு வீடு வாங்கினார்கள். மாஞ்சோலையில் ஒரு பங்களா பேசி முடித்து, அட்டை கடிக்கும் என்று கோமு வேண்டாம் என்றுவிட்டாள்.

எல்லா நாளும் ஒரே மாதிரி போகவில்லை. ஒரு வாரம் அவருக்கு எந்தச் சொத்தும் தோன்றவில்லை. கோமு திசைகளை மாற்றினாள். கிழக்கு என்றால் மேற்குக்கு ஓட வேண்டும். அவர் தப்புத் தப்பாக ஓடினார். அந்த வாரம்தான் நிறைய ஓடினார். இன்னொரு வாரம் அவளுக்குக் காய்ச்சல். அவள் படுத்த இடத்திலிருந்தே மெல்லச் சொன்னாள். அவர் வேகத்தைக் குறைக்கவில்லை.

நடுவில் கீழ்வீட்டுக்காரர் மறுபடியும் வந்தார். என்ன சத்தம் என்று கேட்டார். கோமு விவரம் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்று பார்த்தார். போகும்போது, தனக்கும் செங்கோட்டைப் பக்கம் ஒரு வயல் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மாதம் முடிந்தது.

டாக்டர் காகிதத்தைப் பார்த்தார். பழைய காகிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கூட்டிய மாத்திரையைச் சீட்டிலிருந்து அடித்தார்.

"என்ன பயிற்சி செய்றீங்க?"

குற்றாலிங்கம் கோமுவைப் பார்த்தார். கோமு குற்றாலிங்கத்தைப் பார்த்தாள்.

"சொத்து வாங்குதோம் டாக்டர்" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கோமு மேலே போனாள். அவர் தரைத்தளத்திலேயே நின்று கிளாடிஸ் டீச்சரின் கதவைத் தட்டினார்.

அவள் காகிதத்தை வாங்கினாள். வரி விடாமல் படித்தாள். நாலாக மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"இனி அடுத்தது என்ன செய்யணும் டீச்சர்?" என்று கேட்டார்.

"இன்னைக்குப் பயிற்சி ஆச்சா?"

அவர் யோசித்துப் பார்த்தார்.

காலையில் அவர் சட்டைப் பொத்தான் போடும்போது கோமு ஏதோ ஒரு திசையைச் சொன்னாள். அவர் போனார். அங்கே ஒரு குளம் இருப்பதாகச் சொன்னார். குளத்தில் தாமரையா அல்லியா என்று இருவருக்கும் வாக்குவாதம் வந்தது. வீட்டை நாலைந்து முறை சுற்றியே தீர்த்துக்கொண்டார்கள். அது இன்று காலையா, நேற்றா? அது பயிற்சிக் கணக்கில் வருமா? ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்முன் சாவியைத் தேடியபோதுகூட அவள் "மேற்க" என்றாள். ஆனால் சாவி உண்மையாகவே மேற்கேதான் இருந்தது.

அவர் தலையைச் சொறிந்தார்.

"தெரியலையே டீச்சர்."

மாடிப்படியைத் திரும்பிப் பார்த்தார்.

"நெசமாவே தெரியல. வேணும்னா மேல போய்க் கோமுகிட்ட கேட்டுட்டு வரட்டா?"

"வேண்டாம்."

அவள் கதவை அகலத் திறந்து வைத்தாள்.

"இனிமே கேள்வி கேக்க வர வேண்டாம் அண்ணாச்சி. அக்காவையும் கூட்டிக்கிட்டு டீ குடிக்க வாங்க."